ஏப்பம்

இரவு ஒன்று நாற்பதுக்கு என்னை எழுப்பி
"வாயு" என்றார் தனசீலன்.
நெஞ்சுக்குழியில் உள்ளங்கை.

பகலெல்லாம் நான் ஜெலுத்தோங் மருந்துக்கடையில்
வயிற்றெரிச்சலுக்கு வில்லை விற்பவள்.
மெல்லுவது, கரைப்பது, விழுங்குவது,
புதினா வாசம், ஆரஞ்சு வாசம்,
விலையெல்லாம் மனப்பாடம்.
வீட்டில் மட்டும் ஓர் அட்டை கிடையாது.
மைலோ டின்னில் சுக்கு,
ஊறுகாய் போத்தலில் ஓமம்.

"என்ன சாப்பிட்டீங்க?"
"ஒண்ணுமில்ல."
ஒன்றுமில்லை என்றால் நாசி கண்டார் என்று அர்த்தம்.
மீன் முட்டை, வெண்டைக்காய்,
மூன்று குழம்பும் சோற்றின் மேல் வெள்ளமாய்.
துறைமுகத்தில் பாரந்தூக்கியை விட்டு இறங்கி
நின்றுகொண்டே தின்றிருப்பார்.

ஓமத்தை வெறும் சட்டியில் போட்டேன்.
கண்ணை எடுத்தால் கருகும்,
கருகினால் கசக்கும்,
கசந்தால் இந்த மனுசர் குடிக்கமாட்டார்.
சம்பால் இடிக்கும் கல்லுரலில்
சுக்குக்கு மூன்று தட்டு.
மூன்றாவது தட்டில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

மக்சிக் ஸாலேஹா வந்து "ஆங்கின்?" என்றார்
கையில் இரண்டு செராய்த் தண்டு.
எதிர்வீட்டு கிம் லுவான்
கம்பிக்கதவுக்குள் நின்றபடியே "ஹோங்" என்று தலையாட்டி
காய்ந்த ஆரஞ்சுத் தோலை இடுக்கு வழியாக நீட்டினார்.
மூன்று மொழியிலும் காற்றுதான்.
பதினோராம் மாடியில் காற்றுக்கா பஞ்சம்.

நடைபாதைப் பெயிண்ட் வாளியிலிருந்து
கற்பூரவல்லி இலை நாலு கிள்ளி
எல்லாவற்றையும் ஒன்றாய்ப் போட்டுச் சுண்டவிட்டேன்.
இப்படியொரு கஷாயம் எந்த ஏட்டிலும் இருக்காது.

குடித்தார்.
மூன்று பெண்கள், ஒரு வயிறு,
ஓர் ஏப்பத்துக்காகக் காத்திருந்தோம்.
ஜன்னலில் பாலத்து விளக்குகள்
கடல் தாண்டி அக்கரை வரைக்கும் வரிசையாய்.
வரவில்லை.

இடது தோளைத் தேய்த்துக்கொண்டார்.
நான் பார்த்துவிட்டேன்.
மின்விசிறி ஐந்தில் சுற்ற
நெற்றியில் வேர்வை.
கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, நாலு மொழியில்.
தினமும் அதன் கீழே நின்றுதான் சில்லறை எண்ணுகிறேன்.
வேர்வை, தோள், தாடை.

"சட்டையைப் போடுங்க."
"வாயுதான்டி."
"போடுங்க."

மக்சிக்கின் மகன் ரிட்சுவான் காடியை எடுத்தான்.
பெரியாஸ்பத்திரி வரை ஒரு சிவப்பு விளக்கிலும் நிற்கவில்லை.

அவசரப் பிரிவில்
அவர் நெஞ்சில் கம்பிகளை ஒட்டும்போது
வந்தது.
ஓமமும் செராயும் ஆரஞ்சுத் தோலும் மணக்க
தேர் நிலைக்கு வருவதுபோல்
நின்று, நிதானித்து, முழுசாய் ஓர் ஏப்பம்.
பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நர்ஸ் சிரித்தாள்.
"நான்தான் சொன்னேன்ல" என்றார் என்னிடம்.
கோடுகள் வரைந்த காகிதத்தைப் பிடித்திருந்த டாக்டர் மட்டும்
இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார்.

விடிந்தபின்
சாரமும் பல்துலக்கியும் எடுக்க வந்தேன்.
அவர் பிழைத்துக்கொண்டார்,
ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பில்லை என்கிறார்.
அடுப்பில் சட்டி அப்படியே.
அடியில் அரைக் குவளை, ஆறிப்போய்,
இலைகள் கறுத்து.
கொட்டப் போனவள்
நின்றபடியே மடமடவென்று குடித்துவிட்டேன்.
நேற்றுச் சோற்றுக்குப் பின் ஒன்றும் இறங்காத வயிறு.
எனக்கு உடனே வந்தது, சின்னதாய்.

சத்தம் கேட்டு
எதிர்க் கம்பிக்கதவுக்குள்ளிருந்து
"ஹோங்?" என்றார் கிம் லுவான்.
இல்லை, இதயம் என்று சொல்ல
எனக்கு மலாயில்தான் வாய் வந்தது.
"ஜந்தோங்."

ஏழு வருசத்தில் முதன்முறையாக
அந்தப் பூட்டு திறக்கும் சத்தத்தைக் கேட்டேன்.