முப்பது நிமிட இருட்டு

கரைசலுக்குக் கத்தரிப்பூ நிறம்.
தேன் கலந்தால் அது வெளுத்து
மஞ்சளுக்கு வர வேண்டும்.
வெளுக்க வெளுக்க மதிப்பெண்.
இதற்கு மேல் என் வேலையைப்
பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

படிவத்தில் 'ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன்' என்று போட்டிருக்கும்.
ஒரே மூச்சில் படித்தால்
நமக்கே ஆக்சிஜன் போதாது.

கோரிமேடு. இரண்டாம் மாடி. ஆனி மாதம்.
நாகலூர் சிட்டம்மாள்
ஏற்காடு பஸ்ஸில் கொடுத்தனுப்பிய ஏழு பாட்டில்கள்.
ஒன்றில் இருமல் மருந்து லேபிள் பாதி உரிந்து நிற்கிறது.
மூடிமேல் பால்பாயின்ட் எழுத்து:
காப்பி. நாவல். சில்வர் ஓக்கு. அடிவாரத்து வேம்பு.
கலந்தது. கலந்தது.
ஏழாவதில் பூவின் பெயர் இல்லை,
ஐப்பசி என்று மட்டும்.

சோதனைக் குழாய்களை வெளிச்சம் தீண்டக் கூடாது.
தாள் சுற்றி அலமாரிக்குள் வைத்து
அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.
டீ குடிக்கப் போதுமான நேரம்,
டீயை மறந்துவிடவும்.

காப்பித் தேன் வைக்கோல் நிறம்.
மழை பெய்து எட்டாம் நாள்
மலையே மல்லிகைக் கடைபோல் ஏமாற்றும் அந்தப் பூவுக்கு
ஆயுள் மூன்று நாள்.
அவசரத்தில் என்னத்தைக் கட்டிக் கொடுத்திருக்கும்?
கத்தரிப்பூ கொஞ்சம் சோர்ந்தது, அவ்வளவுதான்.

சில்வர் ஓக்கு ஆச்சரியம்.
காப்பிக்குக் குடை பிடிக்கவும்
மிளகுக் கொடியைச் சுமக்கவும் நட்ட மரம்,
ஆரஞ்சு நிறச் சீப்புகளாகப் பூப்பதை
நான் அண்ணாந்து பார்த்ததுகூட இல்லை.
அதன் தேன் புளிக்கரைசல்போல் கறுத்திருந்தது.
குழாய் மளமளவென்று வெளுத்தது.

நாவலைப் பற்றி என்ன சொல்ல.
பழம் தின்றால் நாக்கில் ஏறும் ஊதாவை
அதே மரத்துப் பூவின் தேன்
துடைத்து எடுத்துவிடுகிறது.
வெயிலுக்கும் புழுவுக்கும் எதிராக
மரம் தனக்கென்று காய்ச்சிய துவர்ப்பு அது.
நமக்காக இல்லை.
ஈக்கள் கேட்காமல் எடுத்து வந்தன,
சிட்டம்மாள் ஈக்களைக் கேட்கவில்லை,
நான் சிட்டம்மாளிடம் இரசீது கேட்டேன்.

ஏழாவது குழாய் அப்படியே இருந்தது.
அதே ஊதா, அதே முறைப்பு.
புதுக் கரைசல் கலக்கினேன்.
கருவியைத் துடைத்தேன்.
இன்னொரு அரை மணி இருட்டு.
கத்தரிப்பூ கத்தரிப்பூவாகவே வெளியே வந்தது.

போன் போட்டேன்.
மலையில் சிக்னல் விட்டு விட்டு வந்தது.
"ஐப்பசில பூவு ஏதுங்க?
விடாம மழை. பெட்டி எடையே இல்ல.
சீனிப்பாகு காய்ச்சி வெச்சன்.
அதையும் குடிச்சுட்டு அடையில கட்டிருச்சுங்க."
அது தேன் ஆகாதே என்றேன்.
"விக்கறதுக்கு இல்லீங்க.
பூவு இல்லாட்டியும் அதுங்க உழைச்சது உழைச்சதுதான?
அந்த உழைப்புல ஏதாச்சும் இருக்குதான்னு
பார்த்துச் சொல்லுவீங்கன்னு அனுப்பினன்."

படிப்பு முடித்துப் பதினோரு ஆண்டில்
யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

எண்ணை மறுபடி பார்த்தேன்.
சுத்தமான பூஜ்யம் இல்லை.
மிகச் சொற்பம்;
கருவியின் நடுக்கம் என்று தள்ளிவிடலாம்.
ஈயின் எச்சிலா,
மழை விட்ட ஒரு மத்தியானத்தில்
வேலியோரம் திறந்த ஏதோ களைப்பூவா,
இந்தக் கருவிக்கு அதைச் சொல்லத் தெரியாது.

படிவத்தில் 'தாவர மூலம்' என்று ஒரு கட்டம்.
கரும்பு என்று எழுதினேன்.
அதுவும் தாவரம்தானே,
ஆலையில் எல்லாம் உரிந்து
வெள்ளையாக மட்டும் மிஞ்சியது.
பிறகு அடித்துவிட்டு
கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மணி ஐந்தரை.
மின்சாரம் போய்விட்டது.
ஏழாவது பாட்டிலை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டேன்.
கணக்கில் வராத தேன்.
அஸ்தம்பட்டி சிக்னலில் விரலை நக்கிப் பார்த்தேன்.
இனிப்பு.
வேறொன்றும் சொல்லாத இனிப்பு.