பத்தொன்பதாவது வருகை

பங்கேற்பாளர் 0417.
தாளில் பெயர் எழுதக் கூடாது, அது விதி.
எழுதாமல் எழுதாமலே
மனப்பாடமாகிவிட்ட பெயர்:
கொம்பிசிலே.

உம்லாசி, வி பிரிவு.
மேட்டின் மேல் சரக்குப் பெட்டியை அறுத்துச் செய்த அறை,
ஜன்னல் என்று ஒரு சதுர ஓட்டை.
எட்டிப் பார்த்தால் ஆற்றுக்கு அக்கரையில்
நான் குடியிருக்கும் சாட்ஸ்வொர்த்.
முன்பு சட்டம் போட்டு இந்த ஆற்றின்
இரு கரைக்கும் இரு நிறம் பூசியிருந்தார்கள்.
பெயின்ட் உரிந்துவிட்டது. சுவர் நிற்கிறது.

எடை எண்பத்தேழு. இடுப்பு நூற்றுநான்கு.
முதல் வருகையில் அவளுக்கு இருபத்தாறு வயது,
முதுகில் துவாலையால் கட்டிய பெண் குழந்தை.
அந்தக் குழந்தை இன்று 2290.
ஊசி இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது
அம்மாவைப் போலவே.

கேள்வி நாற்பத்திரண்டு:
கடந்த பன்னிரண்டு மாதத்தில் வீட்டில் இறப்பு உண்டா?
உண்டு என்றாள். மறு வருடமும் உண்டு.
அதற்கடுத்த வருடம் நான் கேட்கும் முன்பே
பேனாவைப் பிடுங்கி அவளே டிக் போட்டாள்.
எத்தனை பேர் என்று எழுத இடமில்லை.
ஓரத்தில் பென்சிலால் நான் போட்ட ‘மூன்று’
தலைமை அலுவலகத்தில் அழிந்துபோனது.
தரவு சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

டர்பனில் ஓர் உறைபெட்டி, மைனஸ் எண்பது.
மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் முதலில் அதற்குத்தான்.
அவள் வீட்டு ஃபிரிட்ஜில்
இன்சுலின் வெதுவெதுத்துக் கிடக்கும் இரவுகளில்
அவளுடைய இருபத்தாறு வயது ரத்தம்
அங்கே குளிர் குலையாமல் இருக்கிறது.

“அதை வைத்து என்ன கண்டுபிடித்தீர்கள்?”
பதினோராவது வருகையில் கேட்டாள்.
கட்டுரைகள் வந்திருக்கின்றன என்றேன்.
“அதில் நான் எங்கே?”
அன்றிரவு தேடினேன்.
ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு,
அதில் ஒரு புள்ளியாகக்கூட அவள் இல்லை,
புள்ளிகளின் சராசரிக்குள் எங்கோ கரைந்திருந்தாள்.
இதை ஜூலுவில் எப்படிச் சொல்வது?
தமிழிலும் எனக்கு வரவில்லை.

இன்று பட்டை சுற்றக் கையை நீட்டச் சொன்னேன்.
நீட்டவில்லை.
பைக்குள் துழாவி, ரொட்டிப் பொட்டலத்துக்கு அடியிலிருந்து
மூலை சுருண்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்தாள்.
கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசித்தாள்.
ஆறாம் வருடம்: சிஸ்டர் விரலில் மோதிரம் இல்லை.
ஒன்பது: மேடேறி வந்தால் உட்கார்ந்துவிடுகிறாள்.
பதின்மூன்று: யாரோ இறந்திருக்கிறார்கள். சொல்லவில்லை.
பதினேழு: இடது கையை உதறுகிறாள்.
பதினெட்டு: இன்னும் உதறுகிறாள்.

பேச்சு எழவில்லை எனக்கு.
யார் யாரை ஆராய்ந்தது இத்தனை காலம்?

“பதின்மூன்றில் என் தம்பி” என்றேன், ஒருவழியாக.
“பெயர்?”
“தவனேசன்.”
ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள்.
அவள் நோட்டில் பெயருக்கு இடம் இருந்தது.

பிறகு என் நாற்காலியிலிருந்து என்னை எழுப்பி
அவள் நாற்காலியில் உட்கார வைத்தாள்.
கால்மேல் கால் போடாதே.
கையைத் தளர்த்து.
ஐந்து நிமிடம் பேசாதே.
எல்லாம் என் வார்த்தைகள், என் ராகத்திலேயே;
இவ்வளவு அதட்டலாகவா நான் சொல்லிக்கொண்டிருந்தேன்?

நூற்றெழுபத்தொன்றுக்கு நூற்றாறு.
நூற்றறுபத்தெட்டுக்கு நூற்றுநான்கு.
நூற்றறுபத்தாறுக்கு நூற்றுநான்கு.

மூன்று முறை அளந்து சராசரியை எழுது என்கிறது விதி.
அவள் மூன்றையும் எழுதினாள்.
“நாளை மருந்து வாங்கு. வாங்கிய சீட்டைக் கொண்டு வந்து காட்டு.
அடுத்த வருடம் அல்ல. வெள்ளிக்கிழமை.”

வெளியே வரிசையில்
0418 இருமிக்கொண்டிருந்தாள்.