ஆறு கோடுகள்

பக்கத்துக்கு நூற்றெண்பது ரூபாய்.
பொறையாறு தபால் நிலையத்துக்கு எதிர் மாடியில்
இரவு பதினொன்றுக்கு
நானூறு வருடத்து மசியைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

இப்போது ஐந்து கோடு. அவனுக்கு ஆறு.
இறகைத் தோய்த்த இடம்கூடத் தெரிகிறது:
ஒரு சுரம் கருத்து, அடுத்தடுத்தவை வெளிறி,
மறுபடி கருத்து.
தாள் தீர்ந்த இடத்தில்
ஓரமாய்க் கோடிழுத்து
மிச்ச மூன்று சுரத்தையும் ஏற்றிவிட்டான்,
கடைசி பஸ்ஸில் ஆளேற்றுவது போல.

நாற்பத்து மூன்றில் இடக்கை உரசுகிறது.
பிழை, திருத்திவிடவும் என்கிறது
லண்டன் மின்னஞ்சல்.

எப்சிபா அக்கா தந்த சர்ச் கீபோர்டில்
ஹெட்போன் மாட்டி வாசித்தேன்.
முதலில் சோற்றில் அகப்பட்ட கல்.
பதினேழாம் தடவை
வாய்க்காலில் கிடக்கும் கல்,
தண்ணீர் சுற்றிக்கொண்டு போனது.

கரண்ட் போனது. கீபோர்டு ஊமை.
விரல் மட்டும் இன்னொரு முறை வாசித்தது.
கீழே டார்ச்சோடு யாரோ கத்திக்கொண்டு ஓடுகிறார்:
கடைமடைக்கு வந்துட்டுது, நண்டலாறு வரைக்கும் வந்துட்டுது!

பேட்டரி பதினொரு சதவீதம்.
திருத்தவில்லை.
சுரத்தின் தலையில் சின்னதாய் ஒரு நட்சத்திரம்,
அடியில்: மூலத்தில் இப்படியே.

அனுப்பிவிட்டேன்.
நூற்றெண்பதில் பிடித்தம் இருக்கலாம்.