ஐந்துக்கு ஒன்று

டனீடினில் தெருவெல்லாம் ஏணி.
டல்லக் வீட்டுக்குச் சாலை மேலே, கராஜ் கீழே.
இடையில் பதினோரு மீட்டர்,
ஐந்துக்கு ஒன்று சரிவு.
எனக்கு முன்னால் எவனோ போட்டது.
சாலையை விட்டதும் கூரை முகடாய்
உடைந்து இறங்கும்.

ராபினா டல்லக்கின் காருக்குத் தாழ்ந்த வயிறு.
வார்டு முடித்து வரும் இரவுகளில்
அந்த முகட்டில் உரசும், க்ர்ரீச்.
கான்கிரீட்டில் விழுந்த கோடுகளை
எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டேன்.

உடைத்தோம். அள்ளினோம்.
மூன்று மீட்டருக்கு இழுத்து
முகட்டை வளைவாக்கினேன்.
சரளை கொட்டி இரண்டு தரம் இடித்து,
கம்பி வலை, மேலே நூறு மில்லிமீட்டர்.
உறைபனிக் காலையில் டயர் பிடிக்க
துடைப்பத்தால் குறுக்கே வரி.
கராஜ் வாசலில் வடிகால்,
அதை மூட இரும்புச் சட்டம்.
ஏழு நாள் கார் ஏற்றாதீர்கள் என்றேன்.
பத்து நாள் தெருவில் நிறுத்தினார்கள்.
அப்படிப்பட்ட மனிதர்கள்.

ஆறாவது வாரம் ஹெக்டர் டல்லக் அழைத்தார்:
"ஒரு குறை."
விரிசல்தான், வேறென்ன?
முழங்காலிட்டுத் தேடினேன்.
நான் அறுத்துவைத்த கோட்டுக்குள்ளேயே
அடக்கமாய் விரிந்திருந்தது.
ஒரு வாளி ஊற்றினேன்.
தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டது.
"எங்கே குறை?"

அவர் கையில் தேநீர் ஆறிப்போயிருந்தது.
"சத்தம் வரவில்லை.
பதினெட்டு வருடம்,
அந்த உரசல் கேட்டதும் புரண்டு படுப்பேன்.
இப்போது இரண்டு மணிக்கு எழுந்து
ஜன்னலுக்குப் போகிறேன்.
அவள் பக்கத்தில்தான் தூங்குகிறாள்.
திரும்பிப் பார்க்கத் தோன்றுவதில்லை."

உத்தரவாதச் சீட்டில் இதற்கு வரி கிடையாது.
வளைவை மறுபடி முறிக்க
என் கை வராது.
வேனில் போய் உட்கார்ந்தேன்.
சாண்ட்விச்சைத் தின்று முடித்தேன்.

பிறகு வடிகாலருகே குந்தி
சட்டத்தின் நான்கு திருகில் ஒன்றை
முக்கால் சுற்று தளர்த்தி
ஏறி மிதித்தேன். டங்.
"இன்னும் கொஞ்சம்"
படுக்கையறை ஜன்னலிலிருந்து ஹெக்டர்.
கால் சுற்று.
டடங்.
பதில் இல்லை. ஜன்னல் மூடிக்கொண்டது.

இந்த ஊரில் நான் போட்ட தளங்களில்
ஆடுகிற திருகு அது ஒன்றுதான்.
பில் அனுப்பவில்லை.

ஒரு வாரத்தில் ராபினா பேசினாள்:
"வடிகால் சட்டம் கழன்று ஆடுகிறது,
அர்த்தராத்திரியில் தெருவே எழுந்துகொள்ளும்,
வந்து இறுக்குங்கள்."
வருகிறேன் என்றேன்.

இன்னும் போகவில்லை.