மீதித் தாள்கள்

மார்ச்சில் ஒருநாள் சங்கத்துச் செயலாளர் மக்காமே பாண்டு
மழையோடு என் அச்சகத்துக்குள் நுழைந்தார்.
குடையை மடக்கக்கூட மறந்துபோய்
"ஐயாயிரம் அடி" என்றார்.
எதை?
கடிதத்தாள். உச்சியில் நம் கொடி.
கொடிக்குக் கீழே ஒரே ஒரு வரி:
கண்டத்தின் ஐம்பத்தைந்தாவது உறுப்பினர்.

ஐநூறு போதாதா என்றேன்.
"ஒரு நாடு எத்தனை கடிதம் எழுதவேண்டியிருக்கும்,
யோசித்துப் பார்."
யோசித்தேன்.
கல்யாணப் பத்திரிகை, மீன் ஏலச் சீட்டு,
தேர்தல் சுவரொட்டி அடித்திருக்கிறேன்.
நாட்டுக்கு அடித்ததில்லை.

பச்சை மை பாதியில் தீர்ந்தது.
தார் எஸ் சலாமிலிருந்து படகில் வரவழைத்தேன்.
எங்கள் கொடியின் பச்சை
அக்கரை ரசீதோடு வந்து இறங்கியது.
அப்போது அது எனக்கு உறுத்தவில்லை.
மை காய்வதற்குள்
பையன்கள் சாவி வளையங்கள் விற்றுத் தீர்த்திருந்தார்கள்.

எங்களுக்கு ஜனாதிபதி உண்டு.
சட்டசபை உண்டு, கீதம் உண்டு,
துறைமுகத்தில் முத்திரை குத்த ஆள் உண்டு.
பாஸ்போர்ட் மட்டும் அக்கரையில்.
கால்பந்துக்கு நாம் நாடா இல்லையா என்று
காப்பிக் கடை முக்கில் தினமும் வழக்கு நடக்கும்.
தீர்ப்பு வருவதற்குள் கோப்பை ஆறிவிடும்.

ஜூலையில் தீர்ப்பு வந்தது, வேறெங்கிருந்தோ.
ஒரு நாட்டுக்கு ஒரு சங்கம்தானாம்.
சேர்த்ததே தவறாம்.
நாலு மாதம்.
மாங்கன்று வேர் பிடிக்கவே அதற்கு மேல் ஆகும்.

சிறுவர் ஆட்டத்தில் ஒருவன் இருப்பான், பார்த்திருப்பீர்கள்.
ஓடலாம், வியர்க்கலாம், முட்டியைத் தேய்த்துக்கொள்ளலாம்.
பிடிபட்டாலும் கணக்கில்லை, பிடித்தாலும் கணக்கில்லை.
ஒப்புக்குச் சப்பாணி.
அந்தப் பழைய பதவி
எங்களுக்குப் பத்திரமாகத் திரும்பக் கிடைத்தது.

மக்காமே பிறகு இந்தத் தெரு வழியாக வரவில்லை.
பாதிக் கூலி பாக்கி.
பில்லை யார் பேருக்கு எழுதியிருந்தேன் என்று பார்த்தேன்.
அதில் இருந்த பேரிடம் போய்க் கேட்க முடியாது.

முந்நூற்றெண்பது போக மிச்சம் நாலாயிரத்து அறுநூற்றிருபது.
பின்பக்கம் வெள்ளைதானே என்று
கடலைக்காரன் ஷேஹா எடைக்குக் கேட்டான்.
கொடுத்தேன்.

வட்டாரக் கோப்பையில் எங்களை ஆடவிடுவார்கள்.
அங்கே அக்கரையோடும் மோதலாம்.
கிக்வாஜூனி பையன் உஸ்ஸி, இடது விளிம்பில் ஓடுபவன்,
போன மாதம் அவர்கள் சட்டையில் அவர்களுக்காக ஓடினான்.
இந்த மாதம் எங்கள் சட்டையில் அவர்களுக்கு எதிராக.
இரண்டு கீதமும் அவனுக்கு மனப்பாடம்.
அன்றைக்கு மட்டும் ஒன்றுக்கு
வாயை மூடிக்கொள்ள நினைவிருக்க வேண்டும்.
எந்தப் பக்கத்துக்கு வேண்டிக்கொள்கிறாய் என்று
அவன் அம்மா ம்காசியைக் கேட்டார்கள்.
"அவன் முழங்காலுக்கு" என்றாள்.

அன்றிரவு மீன் சந்தைக்குப் பின்னால்
வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள்.
அறுபத்தெட்டாவது நிமிடம் உஸ்ஸி உள்ளே வெட்டி அடித்தான்.
வலை அசைந்ததை நான் பார்க்கவில்லை.
முன்னால் இருந்தவன் எழுந்துவிட்டான், பிறகு எல்லோரும்.
என் கையிலிருந்த கடலைப் பொட்டலம் நசுங்கிப்போயிருந்தது.

பிரித்தேன். எண்ணெய் ஊறி
தாள் கண்ணாடியாகியிருந்தது.
பின்பக்கத்திலிருந்து இடவலம் மாறி
அந்த வரி.
வேறு யாருக்கும் கிறுக்கல்.
அச்சுக்காரனுக்குத் திரும்பிய எழுத்து சிரமமில்லை.
ஐம்பத்தைந்தாவது.
உப்பு ஒட்டியிருந்தது, நக்கிக்கொண்டேன்.

நேற்றும் ஷேஹா வந்தான்.
தாள் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்றான்.
அடுத்த ஆட்டம் வரைக்கும் வரும் என்றேன்.
அடுத்தது எப்போது என்று
அவனும் கேட்கவில்லை.