ஸ்டாப்பர்

நீரோடியில் எங்கள் மைதானத்துக்கு வேலி கிடையாது.
ஓங்கி உதைத்தால் பந்து பொழியூரில் விழும்,
அதாவது கேரளத்தில்.
எடுத்துவரப் போனவன்
அங்கேயும் ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத்தான் வருவான்.

நானும் போனேன்.
பதினாறு வருடம் கழித்து வந்தேன்.

கொல்லத்தில் பாண்டி என்றார்கள்,
சென்னையில் மலையாளத்தான்.
கொல்கத்தாவில் இந்தச் சண்டையே தெரியாமல் மாத்ராஜி.
முதுகில் நாலாம் நம்பர்.
கிளீட்டஸ் என்ற பெயரை
மூன்று கிளப்புகள் மூன்று விதமாக அச்சடித்தன.

'விடு' என்று நாலு மொழியில் கத்துவேன்:
விடடா, ச்சாட், சோட், விடுலே.
கடைசியைக் கேட்டு யாரும் விட்டதில்லை.
பந்து தலைக்கு மேல் வருகையில்
வாயில் முதலில் வருவது அதுதான்.

பேப்பரில் அடித்தவன் பெயர் போடுவார்கள்,
பக்கத்திலேயே எத்தனையாவது நிமிடம் என்றும்.
அடிக்க விடாதவனுக்கு நிமிடம் கிடையாது.
இருநூற்றுப் பதினோரு ஆட்டத்தில்
ஒரே தடவை வந்தேன்:
மட்காவ், எழுபத்தொன்பதாவது நிமிடம்,
சேம்சைடு கோல்.
மழை, ஈரப்பந்து, என் முழங்கால், என் வலை.
செலஸ்டினா அதையும் வெட்டி
பைபிளுக்குள் வைத்திருக்கிறாள்.
பேரு வந்திருக்குல்லா, என்கிறாள்.

அதே முட்டியில் மறு வருடம் நூல் அறுந்தது.
ஆபரேஷனுக்குக் கிளப் பாதி கட்டியது.
மீதிக்கு அண்ணன் ததேயூஸ்
வள்ளத்து எஞ்சினை விற்றான்.
பிறகு வேறொருவன் படகில்
பங்குக்குக் கடலுக்குப் போனான்.
எனக்கு நடக்க நாலு மாதம்,
ஓட ஒன்பது.

புயலடித்த அன்று நாங்கள் ஷில்லாங்கில்.
ஆட்டத்துக்கு முன்பு எல்லார் போனையும்
மானேஜர் ஒரு பையில் வாங்கி வைத்துக்கொண்டார்.
வழக்கம்தான்.
எதிரணியில் லால்சாங்கா,
காற்றுக்குக் கால் முளைத்தது போல ஒருவன்.
தொண்ணூறு நிமிடமும் அவனுடைய வியர்வையை மூச்சாக இழுத்தேன்.
தலையால் நாலைந்து தடவை,
கோட்டின் மேலிருந்து ஒரு தடவை,
முழங்கையால் ஒரு தடவை, நடுவர் பார்க்கவில்லை.
பூஜ்யம் பூஜ்யம்.
என் பக்கமாக ஒருவனும் உள்ளே வரவில்லை.

எங்கள் துறையிலும்.

துண்டோடு சேர்த்துப் போனைக் கொடுத்தார் மானேஜர்.
நாற்பத்தோரு அழைப்புகள்.
விமானம், ரயில், திருவனந்தபுரத்திலிருந்து பஸ்.
கோயில் சுவரில் தாள் ஒட்டியிருந்தது.
எங்கள் குடும்பத்தில் முதல் தடவையாக
ஒரு பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள்.

மறு சீசன் யாரும் கூப்பிடவில்லை.
இரண்டு மாதச் சம்பளம் இன்னும் வர வேண்டும்.
வராது.
இப்போது தேங்காப்பட்டணத்தில் ஐஸ் பிளாண்ட்.
சறுக்குப் பலகையில் இறங்கி வரும் பாளத்தை
வலது காலால் நிறுத்துகிறேன்.
கையால் செய்யணும் என்று முதலாளி திட்டுகிறார்.
நீரோடியில் கடல்பக்கத்துக் கோல்போஸ்டை
இந்த வருடமும் ஆறு எட்டு உள்ளே நட்டார்கள்.
பையன்கள் குறுகிய மைதானத்தில் நன்றாக ஆடுகிறார்கள்.
போன ஞாயிறு ஒரு பொடியன்
என் காலுக்கு நடுவே பந்தைத் தள்ளிவிட்டு
அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொண்டான்.
சாரி அண்ணா என்றான்.
எரிச்சலாக இருந்தது.

பங்குனியில் லால்சாங்கா கூப்பிட்டான்.
ஐஸ்வாலில் செருப்புக் கடையாம்.
மழைக் காலத்தில் இடது விலா
இன்னும் பேசுகிறது என்றான், இந்தியில்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.
அன்றைக்கு ஏன் அப்படி இடித்தாய்?

எத்தனையாவது நிமிடம் அது என்று கேட்டேன்.
யோசித்தான்.
அறுபத்து நாலு.

பாளக் கணக்கு நோட்டின் ஓரத்தில்
எழுதி வைத்திருக்கிறேன்.