எட்டுப் படி

வாலிநோக்கத்தில் பாத்திகள் எல்லாம் செவ்வகம்.
மூலைக்கு மூலை வரப்பு நேராக நிற்கும்,
மழை வந்து மிதிக்கிற வரைக்கும்.

கல்லுப்பு தனியாக ஒரு சின்னப் பெட்டி.
வெயிலில் திருப்பினால் ஆறு முகமும் மினுங்கும்.
கூடை கூடையாய்க் கொட்டினால்
பெட்டிமேல் பெட்டியாக அடுங்குவதில்லை,
கூம்பாகச் சரிகிறது.
கைப்பிடிக் குவியலோ லாரிக் குவியலோ
சரிவு மட்டும் மாறாது.
உச்சி ஏற ஏற
அடி தன்பாட்டுக்கு அகலும்.

ஆள் உயரத்துக்கு ஒரு கூலி,
ரெண்டாள் உயரத்துக்கு ரெண்டு.
முதலாளியின் வாய்ப்பாடு அது.
அளவுக் கழி என் கையில்.

அன்றைக்கு நாகஜோதி
உள்ளங்கை அகல உயரத்துக்கு உப்பைக் குவித்தாள்.
சரியாக ஒரு படி.
பக்கத்தில் இன்னொன்று,
ரெண்டு உள்ளங்கை உயரம்.
படி படியாய் அளந்து கொட்டிக்கொண்டே போனாள்.
ஏழாவதில் நான் ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன்,
முதலாளி வண்டி வருதா என்று.

எட்டு.

"ரெண்டுக்குக் கூலி குடுத்துட்டீக.
மிச்சம் ஆறு படிய எந்தத் தலை சொமந்துச்சு?"

நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

சாயங்காலம் அம்பாரத்தின் நிழல்
கிழக்கே முக்கோணமாய் நீண்டு கிடந்தது.
அதைச் சுமக்க ஆள் வேண்டாம்.

மறுநாள் அளக்க ஏறினேன்.
என் கால் பட்டு
உச்சி ஒரு சாண் தாழ்ந்தது.

இத்தனை வருஷமும்
அதற்குப் பிறகுதான் அளந்திருக்கிறேன்.